பதக்கம் தராத ஆட்டம்

சிதம்பரத்தின் சட்டைப்பையில் ஓர் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. அதைக் காட்டினால் கிழக்கு ஜெர்மனியின் எல்லைக் காவலர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வழி விட்டார்கள். அவன் மனைவி ரெனாட்டேயின் கைப்பையில் இருந்த நீல அடையாளப் புத்தகத்துக்கு அந்த வழி கிடையாது. ஒரே கட்டிலில் படுத்து எழும் இரண்டு பேரில் ஒருத்தர் கூண்டுக்குள்ளும் ஒருத்தர் வெளியிலுமாக இருந்தால், வெளியில் இருப்பவர் மட்டும் எங்கே போய்விட முடியும்?

அவன் கோவில்பட்டிக்காரன். அந்த ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்கத் தெரியாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பி.எஸ்ஸி. முடித்து, உதவித்தொகை கிடைத்து, 1963-ல் ஸாலே ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறு நகரத்தின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு பிளாஸ்டிக் ரசாயனம் படிக்க வந்தான். ஊருக்கு மேற்கே பெரிய ரசாயன ஆலை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் துவைத்துக் காயப்போட்ட துணியில்கூட அழுகிய முட்டை வாடை ஏறிவிடும். மொழி பிடிபடாத முதல் குளிர்காலத்தில் அவனுக்கு நண்பர்கள் கிடைத்தது கல்லூரியின் ஹாக்கி மைதானத்தில்தான். பந்து வந்தால் அடிக்க வேண்டும், அதற்கு இலக்கணம் தேவையில்லை.

பெண்கள் அணியில் ரெனாட்டே ஆடினாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை, நெடுநெடுவென்ற உயரம், அதட்டலான குரல். நாட்டுக்காக ஆடி போலந்துக்கும் ஹங்கேரிக்கும் போய் வந்தவள். முதல் நாள் பயிற்சி ஆட்டத்தில் அவனிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். அவனுக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் போய்விட்டது. 1967-ல் கல்யாணம். அதற்கு அனுமதி வாங்குவதற்குள்ளேயே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. மறு வருஷம் மகள் பிறந்தாள். அம்பிகா என்று பெயர் வைத்தார்கள்.

1969-ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் பரோடாவில் புதிதாக வரும் பெட்ரோ ரசாயன ஆலையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெட்டி கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தான். ரெனாட்டே நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். மறுத்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை என்றார்கள். குழந்தையும் ஜெர்மன் பிரஜை என்பதால் அவளுக்கும் அதே பதில். "நீங்கள் தாராளமாகப் போகலாம்" என்று சிதம்பரத்திடம் மட்டும் அந்த அலுவலகத்துப் பெண் மலர்ந்த முகத்தோடு சொன்னாள். அவன் போகவில்லை. கல்லூரியே ஆய்வுக்கூடத்தில் ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. அது தீர்ந்ததும் இன்னொரு வருஷம். புதிய கான்கிரீட் குடியிருப்பின் நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு கிடைத்தது. பரோடா வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

அதே வருஷம்தான் விளையாட்டுக்கும் மேலேயிருந்து உத்தரவு வந்தது. கணக்கு எளிமையானது. ஒரு நீச்சல்காரி தனி ஆளாக ஒலிம்பிக்கில் மூன்று நாலு பதக்கம் வாங்கிவிடுவாள். ஹாக்கியில் பதினொரு பேருக்குச் சோறு போட்டு, துணி கொடுத்து, ஊர் ஊராக அனுப்பினாலும் கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு பதக்கம். பெண்கள் ஹாக்கியோ அப்போது ஒலிம்பிக்கிலேயே கிடையாது. ஆகவே நீச்சல், ஓட்டம், எறிதல், படகு எல்லாம் நாட்டின் செல்லப்பிள்ளைகள். ஹாக்கி, கூடைப்பந்து, டென்னிஸ் எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. ஆடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் காசு கிடையாது, பயணம் கிடையாது, பேப்பரில் ஒரு வரி கிடையாது.

கல்லூரியின் அப்போதைய விளையாட்டுத் தலைவர் உத்தரவு வந்த வாரமே ஹாக்கி மைதானத்தை வட்டு எறிபவர்களுக்கும் குண்டு எறிபவர்களுக்கும் கொடுத்துவிட்டார். கோல் கம்பங்களைக் கழற்றி உரக் கொட்டகைக்குள் போட்டார்கள். ஒரே பருவத்தில் புல்வெளி அம்மை கண்ட முகம் மாதிரி ஆகிவிட்டது.

 சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானத்தின் ஒரு மூலை தெரியும். அந்த ஜன்னலுக்கு ரெனாட்டே திரை தைத்துப் போட்டாள்.

"வெளிச்சம் வரலையே" என்றான் சிதம்பரம்.

"வேண்டாம்" என்றாள்.

வெளிநாடு போக விடவில்லை, ஹாக்கிக்காக அக்கம்பக்கத்து நாட்டுக்குப் போய் வந்ததும் நின்றுவிட்டது. அவளுடைய உலகம் ஆய்வுக்கூடம், ரொட்டிக் கடை, குழந்தைக் காப்பகம் என்று சுருங்கிக்கொண்டே வந்தது. அவன் மட்டும் எப்போதாவது பெர்லினுக்கு ரயிலேறி, பிரீட்ரிக்ஷ்ட்ராஸே நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி மேற்கே போய், சாயங்காலம் காப்பித்தூளும் ஆரஞ்சுப் பழமும் வாங்கி வருவான். திரும்பி வரும்போதெல்லாம் அவனுக்கு ஏதோ தப்பு செய்த மாதிரி இருக்கும். அவளும் ஆரஞ்சை உரிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

1971 இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் புதிய விளையாட்டுத் தலைவர் வந்தார். டாக்டர் லோட்டர் ஃபீபிக். ஐம்பது வயது, கட்டை குட்டையான உடம்பு, ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். பெரிய நகரத்தில் பெயர்பெற்ற நீச்சல் சங்கத்தில் பயிற்சியாளராக இருந்தவரை இந்த வாடை வீசும் ஊருக்கு எதற்கு அனுப்பினார்கள் என்று எல்லோரும் காதைக் கடித்துக்கொண்டார்கள்.

வந்த இரண்டாம் வாரம் அவர் சிதம்பரத்தின் ஆய்வுக்கூடத்துக்கே தேடி வந்தார்.

"நீங்கதான் ஹாக்கி ஆடுற இந்தியரா?"

"ஆடிக்கிட்டிருந்தேன். இப்ப இல்லை."

"மைதானத்தைப் பார்த்தேன்" என்றார் ஃபீபிக். "குழியை மூட எத்தனை வண்டி மண் வேணும்?"

 இவர் வேவு பார்க்க வந்தவரோ என்று சிதம்பரத்துக்குத் தோன்றியது. அந்த நாட்டில் யாராவது தானாக வந்து நல்லது செய்தால் முதலில் வருவது பயம்தான்.

"ஹெர் டாக்டர், ஹாக்கிக்கு அனுமதி இல்லையே."

"ஹாக்கிக்கு உதவி இல்லைன்னுதான் உத்தரவு. அனுமதி இல்லைன்னு எங்கேயும் எழுதலை. நான் திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்த்தேன்." அவர் சோதனைக் குழாய்களைத் தள்ளி வைத்துவிட்டு மேசையோரம் உட்கார்ந்தார். "பதக்கம் கொண்டுவர்ற விளையாட்டுக்கு நாடே பின்னால நிக்குது. மத்ததுக்கு நான் ஒருத்தனாவது நிக்க வேண்டாமா? எறியறவங்களுக்கு மேற்கு ஓரத்தைக் கொடுத்துட்டேன். வாரத்துல ரெண்டு சாயங்காலம் முழு மைதானமும் உங்களுக்கு. நீங்க பயிற்சி கொடுக்கணும். சம்பளம் எதுவும் கிடைக்காது."

"ஏன் இதைச் செய்யறீங்க?"

ஃபீபிக் இழுக்கும் காலை நீட்டி வைத்துக்கொண்டார். "பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி, என்கிட்ட நீச்சல் பழகினவ. ஒரு நாள் காலையில தண்ணியிலிருந்து ஏறி வந்து, 'எனக்கு நீந்தப் பிடிக்குமா பிடிக்காதான்னே மறந்துபோச்சு, ஹெர் ஃபீபிக்'னு சொன்னா. நான் அதை மேலதிகாரிங்க கூட்டத்துல சொன்னேன். அப்படித்தான் இங்க வந்து சேர்ந்தேன்."

கூடைப்பந்துக்கு உணவுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பழைய கூடத்தைத் திறந்துவிட்டார். டென்னிஸ்காரர்களுக்குத் தரையில் பரப்பச் செங்கல் தூள் வரவழைத்தார். கூட்டத்துக்குக் கூட்டம் எறிதல் பயிற்சியாளர் சீறுவதும், ஃபீபிக் "மாணவர்களின் பொது உடற்பயிற்சி" என்ற ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வழக்கமாகிவிட்டது. மண் வண்டி வந்த அன்று அவரே மண்வெட்டியோடு இறங்கினார். கோல் கம்பங்களை உரக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்தபோது ரெனாட்டே ஒரு முனையைப் பிடித்திருந்தாள். அன்று சாயங்காலம் அவள் ஜன்னல் திரையைக் கழற்றினாள்.

இருபது பெண்கள் சேர்ந்தார்கள். ஆய்வுக்கூடத்தார், மாணவிகள், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி. ரெனாட்டே கேப்டன், சிதம்பரம் பயிற்சியாளன். புல்லின் மேல் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் ரெனாட்டேயின் அதட்டல் குரல் திரும்ப வந்தது. "வலது பக்கம்! தூங்கறியா?" என்று அவள் கத்துவதைக் கேட்டால் சிதம்பரத்துக்கு நெஞ்சு நிறையும். விசில் ஊதி ஆட்டம் முடிந்ததும் கதவு சாத்திக்கொண்ட மாதிரி எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மட்டை இல்லை என்பதுதான் பெரிய தொல்லை. கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு அந்நாட்டில் மட்டை செய்வாரும் இல்லை, தருவிப்பாரும் இல்லை. உடைந்த மட்டைகளை அவன் ஆய்வுக்கூடத்து ரெசினும் கண்ணாடி இழையும் வைத்து ஒட்டினான். ஒட்டிய இடம் கல் மாதிரி நிற்கும், அடுத்த சாண் உடைந்துவிடும்.

மேற்கு பெர்லினில் பார்த்தசாரதி இருந்தான். மயிலாப்பூர்க்காரன், பல்கலைக்கழகத்தில் உலோக ஆராய்ச்சி. அவனுடைய மைத்துனர் ஜலந்தரில் ராணுவத்தில் இருந்தார். மட்டைகளை அங்கேதான் செய்கிறார்கள். சிதம்பரம் ஒரு நாள் காப்பிக் கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான்.

"ஹாக்கி ஸ்டிக்கா? நீ என்னவோ பெரிசா கேக்கப் போறேன்னு பயந்துட்டேன்" என்றான் பார்த்தசாரதி. "அனுப்பச் சொல்றேன். ஆனா பார்டர்ல பிடிச்சா?"

"பிடிச்சா என்ன, துப்பாக்கியா கொண்டு போறேன்? மல்பெரிக் கட்டை, அவ்வளவுதானவே."

"உனக்கு அவ்வளவுதான். அவாளுக்கு அப்படி இல்லையேடா."

ஒவ்வொரு தடவையும் இரண்டு இரண்டாகக் கொண்டு வந்தான். முதல் முறை சுங்கத்தில் நின்ற பெண் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐஸ் ஹாக்கியா?"

"இல்லை, புல் ஹாக்கி."

"அது இன்னும் இருக்கா?" என்று கேட்டு வழி விட்டாள்.

மட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று ஃபீபிக் கேட்கவில்லை. புதிய மட்டை ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பிடியில் ஜலந்தர் முத்திரை தெரிந்தது. "நல்ல மரம்" என்று மட்டும் சொல்லிக் கீழே வைத்தார்.

1973 வசந்தத்தில் ஒரு நாள் சிதம்பரத்தைக் கல்லூரி அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு வரச் சொன்னார்கள். பெயர்ப்பலகை இல்லாத அறை. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நன்றாகச் சலவை செய்த சட்டை, மென்மையான பேச்சு. தன் பெயர் நாய்பெர்ட் என்றார். ரகசியப் போலீஸ் என்று சொல்லாமலே தெரிந்தது. காப்பி ஊற்றிக் கொடுத்தார். அம்பிகாவின் தொண்டைக்கட்டு சரியாகிவிட்டதா என்று விசாரித்தார்.  அந்தத் தொண்டைக்கட்டைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரு மட்டை கொண்டு வந்தா பரிசு. பத்து மட்டை கொண்டு வந்தா?" என்றார் நாய்பெர்ட்.

"என் மனைவியோட அணிக்கு."

"புரியுது. உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க விருந்தாளி. வாங்கிட்டு வரச் சொன்னது யார், அதுதான் விஷயம். ஒரு விளையாட்டுத் தலைவர் அந்நிய நாட்டுக்காரரை எல்லை தாண்டி அனுப்பிச் சாமான் தருவிக்கிறார்னா அது வேற." அவர் காப்பியை ஒரு மிடறு குடித்தார். "டாக்டர் ஃபீபிக் சொல்லித்தான் கொண்டு வந்தேன்னு நீங்க சொன்னா, உங்க மனைவியோட விண்ணப்பத்தைப் புதுசாப் பார்க்கலாம். நாலு வருஷமா காத்திருக்கீங்க இல்லையா? அவசரமில்லை. அடுத்த வாரம் வாங்க."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறான். இரண்டு பக்கமும் எரியும் குச்சியின் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஃபீபிக் கேட்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். 'கேட்டார்' என்பது பொய்யா, பாதி உண்மையா? அந்தப் பாதி உண்மைக்கு விலை ரெனாட்டேயின் விடுதலை. விற்கப்படும் ஆளோ இந்த ஊரில் அவளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்த ஒரே மனிதர்.

ஒட்டுக்கேட்பார்களோ என்று வீட்டுச் சுவருக்குள் அவன் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நடக்கும்போது ரெனாட்டேயிடம் எல்லாவற்றையும் சொன்னான்.  பாலம் தாண்டி, படகுத் துறை தாண்டி, வெகுதூரம் போன பிறகுதான் அவள் நின்றாள்.

"சொல்லிடுன்னு நான் சொன்னா சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன்."

"தெரியும்" என்றாள் ரெனாட்டே. "அதனாலதான் நான் சொல்ல மாட்டேன். சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு இங்கேயிருந்து போகணும், சிதம்பரம். ராத்திரி தூக்கத்துலகூடப் போகணும்னுதான் கிடக்கேன். என்னைக் கேட்காதே."

மறுநாள் அவன் ஃபீபிக்கிடமே போனான். அவர் மைதானத்தில் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை. கேட்டு முடிக்கும்வரை அவர் வண்டியை நிறுத்தவில்லை. சிதம்பரம் கூடவே நடந்தபடி சொன்னான்.

"நான் கேட்டேன்னே சொல்லிடுங்க" என்றார் ஃபீபிக், கோட்டைப் பார்த்தபடி.

"நீங்க கேட்கலையே."

"வாயால கேட்கலை. மட்டையைக் கையில எடுத்துப் பார்த்தேன் இல்லையா? என்னை எங்க அனுப்புவாங்க? எங்க அனுப்பினாலும் அங்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், குதிக்கத் தெரியாத நாலு பிள்ளைங்க இருக்கும். உங்க பொண்ணு இந்த நாத்தத்தை மோந்துக்கிட்டே வளரணுமா?" மூலைக்கு வந்ததும் வண்டியைத் திருப்பினார். "எனக்காக யோசிக்காதீங்க. யோசிச்சா உங்களால முடிவெடுக்க முடியாது."

அவர் விட்டுக்கொடுத்ததுதான் சிதம்பரத்தை இன்னும் இறுக்கியது. திட்டியிருந்தாலோ கெஞ்சியிருந்தாலோ வழி எளிதாக இருந்திருக்கும். மனைவி தடுக்கவில்லை, அவர் தடுக்கவில்லை, நாய்பெர்ட்டோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.  சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மூன்றாவது மாடிக்கு ஏறினான். வாக்கியத்தைப் படியேறும்போதே ஜெர்மனில் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

நாய்பெர்ட் காப்பி ஊற்றினார். "ஆக, டாக்டர் ஃபீபிக்தான் அனுப்பினார்?"

"இல்லை" என்றான் சிதம்பரம்.

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறான். வீரம் என்று சொல்ல முடியாது.  கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் 'இல்லை' என்பதுதான், ஆகவே அது வந்துவிட்டது. அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது.

"நானேதான் கொண்டு வந்தேன். அவருக்கு இதுல சம்பந்தம் இல்லை."

நாய்பெர்ட் கோபப்படவில்லை. "நல்லது. குடிச்சுட்டுப் போங்க, ஆறிடும்" என்றார்.

தண்டனை என்று எதுவும் வரவில்லை. அடுத்த தடவை மேற்கு பெர்லின் போய்த் திரும்ப அவன் விசா முத்திரை கேட்டபோது அலுவலகத்துப் பெண் அதே மலர்ந்த முகத்தோடு சொன்னாள்: "நீங்க எப்ப வேணும்னாலும் நாட்டைவிட்டுப் போகலாம். திரும்பி வர அனுமதிக்குத்தான் உத்தரவாதம் இல்லை."

கதவு இப்போது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாகிவிட்டது. கணவனும் மனைவியும் கடைசியில் ஒரே கூண்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் சிரித்தார்கள். ஆரஞ்சு உரிக்கும்போது இனி ரெனாட்டே முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை, ஏனென்றால் ஆரஞ்சே இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அப்பா இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. அந்தச் சிரிப்பு அன்றோடு போயிற்று. போனால் கொள்ளி வைக்க முடியாவிட்டாலும் காரியத்துக்காவது போய்ச் சேரலாம். ஆனால் திரும்பி வந்து ரெனாட்டேயையும் குழந்தையையும் பார்க்க முடியுமா என்பது நாய்பெர்ட்டின் மனசைப் பொறுத்தது. சிதம்பரம் தந்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனான். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது போலும். தபால் நிலையத்துப் பெண் பந்தை எடுத்து வந்து அவன் கையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஃபீபிக் குடையில்லாமல் வந்து பயிற்சி முடியும்வரை அவன் பக்கத்தில் நனைந்தார்.

1975-ல் ஃபீபிக்கை நீக்கினார்கள், மட்டைக்காக அல்ல. மாணவர்களுக்கான தேசியப் போட்டியில் கல்லூரியின் எறிபவர்கள் ஒருவரும் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. தலைவர் கவனத்தைச் சிதறடித்தார், உதவாத ஆட்டங்களுக்கு மைதானத்தைப் பங்கு போட்டார் என்று கூட்டத்தில் பேசினார்கள். அவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "போன வருஷம் இந்தக் கல்லூரியில எத்தனை பேர் விளையாடினாங்க, அதுக்கு முந்தி எத்தனை பேர் விளையாடினாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை, தெரிய வேண்டியும் இருக்கவில்லை.

நாற்காலி போகப்போவது தெரிந்ததும் அவர் கடைசியாக ஒரு காரியம் செய்திருந்தார். ரசாயன ஆலைத் தொழிலாளர்களின் விளையாட்டுச் சங்கத்தில் ஹாக்கி என்று ஒரு பிரிவைத் தொடங்க வைத்து, கோல் கம்பம், பந்து, மட்டை எல்லாவற்றையும் அதன் பேருக்கு மாற்றிவிட்டார். புதிய தலைவர் வந்து மைதானத்தை எறிபவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தபோது அங்கே கழற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ரெனாட்டேயின் அணி ஆலைக்குப் பின்னால், சாம்பல் மேட்டுக்கு ஓரமாகக் கிடந்த ஒரு காலி இடத்தில் ஆடத் தொடங்கியது. புல் இல்லாத தரை, பந்து எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. "இது எனக்குக் கோவில்பட்டியிலேயே பழக்கமான தரைதான்" என்றான் சிதம்பரம்.

ஃபீபிக்கைப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இழுக்கும் காலோடு சைக்கிள் மிதித்து ஆட்டம் பார்க்க வருவார். அவரோடு அதிகம் பேசினால் அவருக்குக் கேடா தனக்குக் கேடா என்று தெரியாமல் சிதம்பரம் தூரத்திலிருந்தே தலையசைப்பான். அவரும் தலையசைப்பார். வெட்கமாக இருக்கும். ஆனாலும் அப்படியே பழகிவிட்டது.

1977 மார்ச்சில், யாரும் எதிர்பாராத ஒரு செவ்வாய்க்கிழமை, ரெனாட்டேயையும் அம்பிகாவையும் வெளியேற அனுமதித்திருப்பதாகத் தகவல் வந்தது. மறுத்ததற்குக் காரணம் சொல்லாத மாதிரியே அனுமதித்ததற்கும் சொல்லவில்லை. பத்து நாளுக்குள் போய்விட வேண்டும்.

ரெனாட்டே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக எதற்காக ஏங்கினாளோ அது கைக்கு வந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பத்து நாளில் போன்னு சொல்றதும் உத்தரவுதானே" என்றாள். "இருன்னு சொன்னாங்க, இருந்தோம். இப்ப போன்னு சொல்றாங்க."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா இன்னொரு தடவை திறக்குமா?"

திறக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்பிகாவுக்கு ஒன்பது வயது. அந்த வட்டாரத்து ஸாக்ஸன் ஜெர்மன் கொச்சையில் வெளுத்துக் கட்டுவாள். தமிழில் 'வா', 'சாப்பிடு', 'தூங்கு' மூன்றுதான் தெரியும். தோழியின் பிறந்தநாளுக்கு இருக்க முடியாதா என்று அழுதாள். ரெனாட்டேயின் அம்மா பேத்தியின் தலைமுடியைப் பின்னிக்கொண்டே இருந்தார், பின்னிப் பின்னி அவிழ்த்தார். அணியை ரெனாட்டே தபால் நிலையத்துப் பெண்ணிடம் ஒப்படைத்தாள். மட்டைகளையும் விட்டுவிட்டாள். தன்னுடையதைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபீபிக்கிடம் விடை சொல்ல சிதம்பரம் அந்தக் கிராமத்துக்கே பஸ் ஏறினான். இனிப் பயப்பட என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் அவர் கட்டைக் குதிரையைத் தாண்டப் பயப்படும் ஒரு குண்டுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்தியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு வருஷம் முந்தியே போயிருப்பீங்க."

"போயிருப்போம்."

"முட்டாள்" என்றார் ஃபீபிக், மிகவும் அன்பாக. பிறகு அந்தச் சிறுமி பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை ஓடி வா, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ரெனாட்டேயின் கடவுச்சீட்டை அதிகாரி நெடுநேரம் பார்த்தார். முத்திரை விழும் சத்தம் கேட்டபோது அவள் சிதம்பரத்தின் விரல்களை வலிக்கும்படி பிடித்திருந்தாள். விமானம் மேலே ஏறியபோது அவனுக்கு வந்ததும் விடுதலை உணர்ச்சி இல்லை. நாம் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டோம், அவர் உள்ளே இருக்கிறார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

சென்னையை அடுத்த மணலியில் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. முதல் வருஷம் ரெனாட்டேயால் கதவைத் தாழிட்டுத் தூங்க முடியவில்லை, திறந்து வைக்கவும் முடியவில்லை. எங்கே போவதானாலும் "போகலாமா?" என்று யாரையோ கேட்பது போலக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வாசல் தாண்டுவாள்.

1978 டிசம்பரில் விடுப்பில் சென்னை வந்திருந்த பார்த்தசாரதி அவர்களைப் பார்க்க வந்தான். ஆலை அணி கிழக்கு பெர்லினில் ஓர் ஆட்டத்துக்கு வந்திருந்ததாம். ஒரு நாள் விசாவில் எல்லை தாண்டிப் போய்ப் பார்த்திருக்கிறான்.

"உன் ஜலந்தர் ஸ்டிக் நாலஞ்சு இன்னும் அவா கையில இருக்குடா. லைனுக்கு வெளியில ஒருத்தர் காலை இழுத்து இழுத்து ஓடிண்டே கத்தறார். ஃபீபிக்னு சொன்னா. இப்போ அவர்தான் கோச்சாம்."

"ஸ்கோர் என்ன?" என்று ரெனாட்டே தமிழில் கேட்டாள்.

"ஸ்கோரா? அது... நான் கவனிக்கலையே."

ரெனாட்டே காப்பித் தம்ளரை நங்கென்று வைத்தாள். "மேட்ச் பாக்கப் போனீங்க, ஸ்கோர் பாக்கல? பின்ன என்ன பாத்தீங்க?"

அந்த அதட்டல் குரலைச் சிதம்பரம் ஊருக்கு வந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான்.